வலப்பக்கம் நான்கு விரல்

பொழுதுபோக்குப் பூங்காவின் கப்பல் ஊஞ்சலை மோட்டார் இல்லாமல் ஆடவிட்டு அளப்பதுதான் பரிசோதகரான அவளுடைய முறை. காலிக் கப்பலை ஒரு பக்கம் உயர்த்திக் கொக்கியை விடுவிப்பாள். ஒவ்வொரு வீச்சிலும் அது எட்டும் உயரத்தைக் கேமரா குறித்துக்கொள்ளும். உயரம் குறைந்தால் ஆற்றல் குறைந்திருக்கிறது. அது மாயமாகிவிடாது, சூடாகவோ சத்தமாகவோ எங்கோ போயிருக்க வேண்டும்.

அன்று இடப்பக்கம் போன ஒவ்வொரு வீச்சிலும் இரண்டு விரல் உயரம் குறைந்தது. வலப்பக்கம் போனபோது நான்கு. மூன்று முறை அளந்தும் அதேதான். அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

பூங்காவின் மேலாளர் அவளுடைய அக்கா கணவர். வாசலில் இரண்டு பஸ் நிறையப் பள்ளிக் குழந்தைகள் வந்து இறங்கியிருந்தார்கள்.

“முடிஞ்சுதா? அறிக்கையில கையெழுத்துப் போட்டுக் குடும்மா.”

“இல்ல அத்தான். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி குறையணும். வலப்பக்கம் அதிகமா குறையுது.”

“ரெண்டு விரலுக்கா இந்தப் பாடு? காத்தா இருக்கும்.”

“கொடிகூட அசையல. கப்பல் ரெண்டு பக்கமும் ஒரே அச்சு. கண்ணாடியில பார்த்தா இடது வலதாகும், கணக்கு மாறக் கூடாது. மாறுதுன்னா, உள்ள ஏதோ ஒரு பக்கமா மட்டும் பிடிக்குது.”

“போன வாரந்தான் கிரீஸ் போட்டோம்.”

“கிரீஸுக்கு இடது வலது தெரியாது அத்தான்.”

பக்கத்தில் நின்ற பூங்கா மெக்கானிக் சிரித்துவிட்டார். அத்தான் முறைத்தார். “சொந்தக்காரியாச்சேன்னு கூப்பிட்டேன் பாரு, என்னைச் சொல்லணும். சரி, பிரிச்சுப் பாருங்க.”

மெக்கானிக் மேலே ஏறி, கப்பல் தொங்கும் அச்சின் பேரிங் மூடியைக் கழற்றும்வரை அவள் கீழே குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். ஒன்றுமில்லை என்று வந்தால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

“உருளை ஒண்ணு உடைஞ்சிருக்கு!” மேலிருந்து குரல் வந்தது. “உடைஞ்ச சில்லு உள்ள சிக்கியிருக்கு. இந்தப் பக்கம் சுத்தினா விலகுது, அந்தப் பக்கம் சுத்தினா கடிக்குது.”

“எத்தனை நாள் தாங்கியிருக்கும்?” என்று அத்தான் கேட்டார்.

“நாளா? இன்னைக்கே தாங்கியிருக்குமான்னு கேளுங்க.”

அத்தான் குழந்தைகளைத் திருப்பி அனுப்பத் தானே வாசலுக்குப் போனார். திரும்பி வந்தவர், “நல்லவேளை, நீ இருந்தே” என்றார்.

அவள் பழைய பதிவைத் திறந்து வைத்திருந்தாள். “அத்தான், போன தடவ இடப்பக்கம் மட்டுந்தான் அளந்தேன். ரெண்டும் ஒண்ணுதானேன்னு விட்டுட்டேன். அப்பவே உடைஞ்சிருந்தா?”

அவர் பதிவை வாங்கிப் பார்த்தார். “அதையும் சேர்த்து எழுது.”

எழுதினாள். கையெழுத்தைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

“ராட்டினத்தையும் நிறுத்தச் சொல்லுங்க அத்தான். அதையும் ஒரு பக்கமாத்தான் சுத்திப் பார்த்தேன்.”