பதினேழாவது கணக்கு

கணக்கு மிஸ்ஸுக்கு வினாத்தாள் தயாரிப்பது தலைகீழ் வேலை. முதலில் விடையை முடிவு செய்வாள். x மூன்று, y இரண்டு என்று தாளின் ஓரத்தில் குறித்துவிட்டு, அதற்குப் பொருந்தும்படி இரண்டு சமன்பாடுகளைக் கட்டுவாள். பிறகு பின்னம், தசமம் என்று எதையாவது பூசி முகத்தை மாற்றிவிடுவாள். "பிள்ளையப் பெத்துட்டு மாப்பிள்ளை தேடுற கதையால்ல இருக்கு" என்று வரவேற்பு மேசை அக்கா சிரிப்பாள். அந்தப் பயிற்சி மையத்தில் எல்லாக் கணக்கும் அப்படித்தான் பிறந்தது.

மையம் அந்த முறை நடத்திய தேர்வில் நாற்பது கேள்வி, ஒன்றரை மணி நேரம். முதல் முப்பது பேருக்குச் சிறப்பு வகுப்பில் இலவச இடம். இருநூறு பேர் எழுதினார்கள். இறுதிப் பட்டியல் ஒட்டுவதற்கு முந்தின நாள், திருத்திய தாளைப் பிள்ளைகள் வந்து பார்த்துக்கொள்ளலாம்.

அன்று மதியம் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள் சந்தேகம். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. வகுப்புக்கு வகுப்பு கையைத் தூக்கித் தூக்கி அவள் சம்பாதித்த பட்டம் இது. அவளுக்கு முப்பத்தாறு மதிப்பெண். முப்பதாவது இடத்தில் இருந்த மருந்துக்கடைக்காரர் மகனுக்கு முப்பத்தேழு.

"மிஸ், ஒரு சந்தேகம்."

"சொல்லு."

"பதினேழாவது கணக்கு. நான் எழுதுனது ஏன் தப்பு?"

மிஸ் தாளை வாங்கிப் பார்த்தாள். x/3 + y/2 = 2. அதற்குக் கீழே 0.4x + 0.6y = 2.4. மையத்தின் விடைக்குறிப்பில் 3, 2. சந்தேகமோ எண்ணே எழுதாமல், y = (12 − 2x)/3 என்று எழுதி, பக்கத்தில் 'x எதுவாகவும் இருக்கலாம்' என்று குறித்திருந்தாள். அதன் மேல் மிஸ்ஸின் சிவப்புப் பெருக்கல் குறி.

"ரெண்டையும் சுத்தம் பண்ணா ஒரே சமன்பாடுதான் மிஸ் வருது. 2x + 3y = 12. மேலயும் அதான், கீழயும் அதான். அப்புறம் எப்படி ஒரே ஒரு விடை வரும்? அதான் y-ஐ x-ஓட சார்பா எழுதிட்டேன். மூணு போட்டா ரெண்டு வரும். ஆறு போட்டா சைபர் வரும்."

மிஸ் இரண்டையும் தாளின் ஓரத்தில் சுருக்கிப் பார்த்தாள். ஒன்றேதான். முதல் சமன்பாட்டைச் சாப்பாட்டுக்கு முன்னும் இரண்டாவதைச் சாப்பிட்டு வந்த பிறகும் கட்டியிருந்தாள். உடம்பு ஒன்று, உடுப்பு இரண்டு. கட்டியவளுக்கே அடையாளம் தெரியவில்லை. திருத்தும்போதும் விடையை மட்டும் பார்த்துக் கோடு கிழித்துக்கொண்டே போயிருக்கிறாள்.

"நீ எழுதுனதுதான் சரி" என்றாள். குரல் வெளியே வரவில்லை. தொண்டையைச் செருமி மறுபடி சொன்னாள்.

"அப்போ ஒரு மார்க் ஏறும்ல? இடம் கிடைச்சிடும்ல மிஸ்? இல்லன்னா அடுத்த வாரத்துலேர்ந்து அண்ணன் கடையில உக்காரணும். அம்மா முடிவா சொல்லிட்டாங்க."

வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடத்தில், கூப்பிடாமல் மிஸ் மையத்தை நடத்தும் பெரிய சாரின் அறைக்குள் போனதில்லை. அன்று போனாள்.

பெரிய சார் தாளைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "மூணும் ரெண்டும் போட்டா ரெண்டு சமன்பாட்டுலயும் பொருந்துதா இல்லையா?"

"பொருந்துது சார். ஆனா அது மட்டும் இல்ல…"

"பொருந்துதுல்ல? விடும்மா. உப்புக்குப் பெறாத விஷயம்."

"மூணு, ரெண்டுன்னு எழுதுன நூத்தம்பது பேரும் கணக்கத் தீக்கவே இல்ல சார். பின்னத்துக்குக் கீழ மூணும் ரெண்டும் இருக்கறதப் பாத்து அடிச்சு விட்டிருக்காங்க."

"அடிச்சு விடுறது எப்படின்னு சொல்லிக் குடுக்கத்தானே மையம் நடத்துறோம்?" பெரிய சார் தன் பேச்சுக்குத் தானே சிரித்துக்கொண்டார். மிஸ் நகரவில்லை என்று கண்டதும் சிரிப்பு நின்றது. "நீ போட்ட கணக்குதானே இது?"

"ஆமா சார்."

"நூத்தம்பது பிள்ளைங்களுக்குத் தப்புன்னு போட்டா, நூத்தம்பது அப்பன் ஆத்தா நாளைக்கு வாசல்ல நிப்பாங்க. நீ போய்ப் பதில் சொல்றியா? வாயத் தொறந்தா உனக்குக் காத்துதான வருது. அச்சுப்பிழைன்னு போடு. அந்தக் கணக்குக்கு எல்லாருக்கும் ஒரு மார்க். ஆளாளுக்குச் சந்தோஷம்."

மிஸ் மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள். மூன்று, இரண்டு என்று எழுதிய மருந்துக்கடைக்காரர் மகனுக்கு அந்த மார்க் ஏற்கெனவே விழுந்திருந்தது; சந்தேகத்துக்கு ஒன்று ஏறினால் அவளுக்கும் முப்பத்தேழு. போதும் என்று தோன்றியது. வெளியே காத்திருந்தவளிடம் "ஏறிடுச்சு" என்றாள். சந்தேகம் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கிப் போனாள்.

மறுநாள் காலை பட்டியல் ஒட்டினார்கள். முப்பதாவது பெயர் மருந்துக்கடைக்காரர் மகன். அதோடு பட்டியல் முடிந்திருந்தது.

"ரெண்டு பேரும் முப்பத்தேழுதானே?" மிஸ் வரவேற்பு மேசைக்கு ஓடினாள்.

"சமமா வந்தா, யாரு முதல்ல தாளக் குடுத்தாங்களோ அவங்களுக்குத்தான். பழைய விதிதானே மிஸ்" என்றாள் அக்கா. "அந்தப் பையன் எழுபதாவது நிமிஷத்துல குடுத்துட்டான். இவ மணி அடிச்சப்புறம் குடுத்திருக்கா. நேரம் குறிச்சது உங்க கையெழுத்துதான், பாருங்க."

பார்க்க வேண்டியதில்லை. அந்தத் தாளைப் பிடுங்கியதே மிஸ்தான். பதினேழாவது கணக்கின் இடத்தில் அழித்து அழித்துக் காகிதமே நைந்திருந்தது.

பெரிய சார் அறைக் கதவுவரை போனாள். உள்ளே அவர் போனில் யாரையோ வாழ்த்திக்கொண்டிருந்தார். தட்டுவதற்குத் தூக்கிய கையை இறக்கிக்கொண்டாள்.

சந்தேகம் பட்டியல் முன்னால் நின்றிருந்தாள். மிஸ் பக்கத்தில் போய் விதியைச் சொன்னாள். கதையை அவளே கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள் போல, முகம் மாறவில்லை.

"அந்த ஒரு கணக்குலயே அரை மணி நேரம் போயிடுச்சு மிஸ். நீங்க தப்பா போட மாட்டீங்கன்னு நாலு தடவ முதல்லேர்ந்து போட்டுப் பாத்தேன்."

அதற்குள் அவள் அம்மா வாசலிலிருந்து வந்துவிட்டாள். கடையைப் பாதியில் விட்டு வந்த அவசரம் நடையில் தெரிந்தது. "என்னடி ஆச்சு?"

"கிடைக்கலம்மா."

"நேத்து வந்து கிடைச்சிடுச்சுன்னு குதிச்ச?"

சந்தேகம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆசை இருக்கு தாசில் பண்ண. சரி, நட." அம்மா மிஸ்ஸைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டாள். "நீங்க என்ன மிஸ் பண்ணுவீங்க? சொல்லித்தான் குடுக்க முடியும். வாங்கிக்க இவளுக்கு மண்டை வேணும்ல? ஏதோ ஒரு கணக்குல தப்பு விட்டிருப்பா."

சந்தேகம் நிமிர்ந்து மிஸ்ஸின் வாயையே பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தாலாவது தாங்கியிருக்கலாம். அவள் காத்திருந்தாள். சுற்றிலும் பெற்றவர்கள் கூட்டம். பெரிய சார் படியிறங்கி வந்துகொண்டிருந்தார்.

"ஆமாங்க" என்றாள் மிஸ். "ஒரே ஒரு கணக்கு."