விழுங்கும் நேரம்

நேற்று மாலை மலையிலிருந்து இறங்கிய தேயிலைக் கொழுந்து இரவெல்லாம் தொட்டிகளில் வாடிக் கிடந்தது. விடிவதற்குள் அதை வாரி உருளை இயந்திரத்துக்கு அனுப்பியாக வேண்டும். புவனேந்திரன் தோள்வரை கையை விட்டு வாரினான். கொழுந்தின் குளிர் கையில் ஏறவில்லை. ஒரு மாதமாகவே அவனுக்கு எதுவும் ஏறுவதில்லை. சோறு, தூக்கம், மேற்பார்வையாளரின் வசவு, எல்லாம் அடுத்த வீட்டுக்காரனுக்கு நடப்பதுபோல நடந்துகொண்டிருந்தன.

போன மாதம் கொழுந்து பறிக்கப் போன அவன் மனைவி பாக்கியலெட்சுமியைக் குளவி கொட்டியது. தொண்டை வீங்கி மூச்சடைத்தது. பதுளை ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பதினோரு நாள் மூச்சுக் கொடுத்தார்கள். அந்தக் குளவிக் கூட்டை அகற்றும்படி பெண்கள் மூன்று மாதமாகக் கேட்டிருந்தார்கள். தோட்ட நிர்வாகமும் அகற்றத்தான் செய்தது, பாக்கியம் விழுந்த மறுநாள். அவ்வளவு சுறுசுறுப்பு.

குழாயை எடுத்தபோது உயிர் முழுசாக இருந்தது, குரல் பாதி இருந்தது. விழுங்குவதுதான் மறந்துபோயிருந்தது.

தாதி முஷ்ரிபா அவன் கையில் கரண்டியைக் கொடுத்தே பாடம் நடத்தினாள்.

“தண்ணி, பிளேன்டீ ஒண்டும் வேணாம். மெல்லிசா இருந்தா நுரையீரலுக்குள்ள ஓடிரும். கூழாட்டம் கெட்டியாக் குடுங்க. நேரா உக்கார வச்சு, நாடியை நெஞ்சுப் பக்கம் குனிய வச்சு, அரைத் தேக்கரண்டி. முழுங்கினதும் ‘ஆ’ சொல்லச் சொல்லுங்க. கொழகொழண்டு கேட்டா நிறுத்திரணும்.”

“புரையேறினா இருமுவாளே மிஸ், தெரிஞ்சிருமே?”

“இருமாமலே உள்ள போறதுதான் பொல்லாதது. திண்ட பொறகு அரை மணித்தியாலம் படுக்க விடாதீங்க. கிட்ட ஆள் இல்லாம ஒரு வாய்கூடக் குடுக்கப்படாது.”

வீடு வந்த அன்றே தவறு நடந்தது. அந்த லயத்து வரிசை வீடுகளில் நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள், தங்கள் வீட்டுத் தேநீரில் ஒரு மடக்காவது தங்கள் கையால் பருக்கிவிட்டுத்தான் போவார்கள். புவனேந்திரன் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தான். பாக்கியத்தோடு ஒரே நிரையில் பறிக்கும் கலாராணி ஆசையாக இரண்டு மடக்கு ஊற்றிவிட்டாள். பாக்கியம் இருமவில்லை. உதடு மட்டும் நீலமானது. மறுபடி ஆஸ்பத்திரி, மறுபடி காய்ச்சல், ஐந்து நாள்.

பாக்கியம் வீடு திரும்பியதும் கலாராணி வாசலில் வந்து நின்றாள்.

“அண்ணே, திட்டுறதுன்னா திட்டிருங்க. அப்பறம் அந்தக் கரண்டியை எப்புடிப் புடிக்கிறதுன்னு காட்டுங்க.”

ஒரு வாரத்தில் அந்த நிரையின் ஒன்பது பெண்களும் கற்றுக்கொண்டார்கள். ஒரு வேளைக் கூழுக்கு முக்கால் மணித்தியாலம், நாளைக்கு ஐந்து வேளை. புவனேந்திரன் வேலையில் இருக்கும் நேரத்தைப் பெண்கள் முறைவைத்துப் பார்த்தார்கள். மலையில் தினமும் ஒருத்தி குறைந்தாள். தோட்டத்து மேலாளரான துரை புவனேந்திரனைக் கூப்பிட்டனுப்பினார்.

“பொண்டாட்டிக்கு ஊட்டிக்கிட்டு இருந்தா ஃபெக்டரி ஓடுமா புவனேந்திரா?”

“வேளைக்கு ஒரு ஆளை விட்டாப் போதும் சேர்.”

“கூழ்தானே? கிட்ட வச்சிட்டு வா. அவளே குடிப்பா.”

“வச்சிட்டு வந்தா செத்துருவா சேர்.” வானிலை சொல்வதுபோலச் சொன்னான்.

“டொக்டர் துண்டுல ஊட்டச் சொல்லி எழுதலியே. ஓய்வுன்னு மட்டுந்தானே இருக்கு?”

“குளவிக்கூட்டைப் பத்தி நாங்களும் எழுதித்தான் குடுத்தோம்,” என்றாள் கூடவே வந்து வாசலில் நின்ற கலாராணி. “எழுதினதை எல்லாம் படிக்கிற ஆளா சேர் நீங்க?”

துரை கண்ணாடியைக் கழற்றினார். “நாளையிலேருந்து எல்லாரும் மலைக்குப் போகணும். ஒரு ஆள் கொறைஞ்சாலும் உன் லயத்துக் காம்பிராவை வேலை செய்யிற குடும்பத்துக்குக் குடுத்துருவேன்.”

பேரம் தெரிந்த மனிதர். முதல் பேச்சிலேயே லயத்து வீட்டைத் தராசில் தூக்கி வைத்துவிட்டார்.

மறுநாள் காலைப் பெரட்டில் வேலைக்கு ஆள் பிரிக்கும் நேரம், பெண்கள் பாக்கியத்தை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்து களத்தின் நடுவில் வைத்தார்கள். முதுகுக்குத் தலையணை, தலைக்குக் கம்பளித் தொப்பி.

“என்னடி, சாமி ஊர்வலமா?” என்றார் கங்காணி இராசையா.

“சாமிக்குப் படைச்சாப் போதும் கங்காணி. இவளுக்கு ஊட்டணும். யாரும் கொறையக் கூடாதுன்னு தொர சொல்லிட்டாரு. அதான் எல்லாருமா ஊட்டிட்டு எல்லாருமாப் போறோம்,” என்றாள் கலாராணி.

புவனேந்திரன் தொழிற்சாலையிலிருந்து வந்தான். பின்னால் தொட்டி வேலைக்காரர்கள் ஆறு பேரும் வந்து நின்றார்கள். ஏன் வந்தீர்கள் என்று அவன் கேட்கவில்லை. கேட்டால் அழ வேண்டிவருமோ என்று பயம்.

முதல் அரைக் கரண்டி. பாக்கியம் நாடியை நெஞ்சோடு தாழ்த்தினாள். தொண்டை ஒரு தரம் ஏறி இறங்கியது. நூறு பேருக்கு மேல் அந்தத் தொண்டையையே பார்த்து நின்றார்கள்.

“ஆ…”

குரலில் ஈரம் இருந்தது. புவனேந்திரன் கரண்டியைத் தாழ்த்திக் காத்திருந்தான். அவள் இருமிச் செருமி இன்னொரு தரம் விழுங்கினாள். “ஆ.” இப்போது சுத்தம். யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

துரையின் ஜீப் வந்து நின்றது. அவர் இறங்காமலே கேட்டார்: “கங்காணி, ஏன் இன்னும் ஆள் பிரிக்கல?”

இராசையா பெயர்ப் புத்தகத்தை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

“எவ்வளவு நேரம் இந்தக் கூத்து?”

“இன்னும் பாதிக் கோப்பை இருக்கு சேர்,” என்றான் புவனேந்திரன், திரும்பிப் பாராமல்.

கரண்டி கலாராணியின் கைக்கு மாறியது. அவளுக்கு அடுத்தவள் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இன்னும் ஏழு பேர் நின்றார்கள்.