வெள்ளிக்கிழமை மூடி

இங்கிலாந்தின் கிரிம்ஸ்பி துறைமுகத்து மீன் ஆலை ஒன்றில், வெள்ளிக்கிழமை என்றால் தோலுரிக்கும் இயந்திரத்துக்கு இரும்பு மூடி இருக்காது. மூடி இருந்தால் ஒவ்வொரு மீனாகத்தான் விடமுடியும். இல்லையென்றால் அள்ளித் தள்ளிவிட்டு மதியமே மதுக்கடைக்குப் போகலாம். கழற்றுகிறவர் எப்போதும் மேலாளர் டெஸ்மண்ட்தான். ஸ்பேனர் அவர் கோட்டுப் பையிலேயே கிடக்கும். யாரும் தடுத்ததில்லை. சீக்கிரம் வீட்டுக்குப் போக யாருக்குக் கசக்கும்?

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை க்ளைவின் மூன்று விரல்கள் மீன்தோலோடு போய்விட்டன. பக்கத்தில் நின்றவள் நார்மா மட்டும். பார்த்ததை அவள் எழுதிக் கொடுக்கவேண்டும். கழற்றியவர் பெயர் அதில் இருந்தால் க்ளைவுக்கு இழப்பீடு உண்டு. இல்லாவிட்டால், அவனே கழற்றிக்கொண்டான் என்று காப்பீட்டுக்காரன் கையை விரித்துவிடுவான்.

நார்மா ஒரே வரி எழுதினாள். ‘டெஸ்மண்ட் ரிமூவ்ட் த கார்டு.’ மூடியை டெஸ்மண்ட் கழற்றினார் என்று.

டெஸ்மண்ட் கோபப்படவில்லை. தேநீர் கொண்டுவந்து வைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஆலைக் கடுதாசிக்கென்று ஓர் இங்கிலீஷ் உண்டு, இது அது இல்லை என்றார். செயப்பாட்டுவினை படித்ததெல்லாம் மறந்துவிட்டதா என்றும் கேட்டார். நார்மா பதினைந்து வயதில் பள்ளியை விட்டுக் கத்தி பிடித்தவள்.

“ரொம்ப சுலபம் கண்ணு. கடைசியில நிக்கிற மூடியைத் தூக்கி முன்னால வை. பின்னாலயே ஒரு ‘வாஸ்’. அப்புறம் வினையோட மூணாவது வடிவம். என் பேரு ‘பை’யைப் புடிச்சிக்கிட்டு வால்ல தொங்கும்.”

எழுதினாள். ‘த கார்டு வாஸ் ரிமூவ்ட் பை டெஸ்மண்ட்.’ கடைசியில் என்றாலும் பெயர் இருந்தது. அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

“இப்ப வாலை நறுக்கிடு. நறுக்கினாலும் வாக்கியம் சாகாது.”

“க்ளைவ் பொண்டாட்டி கேட்பாளே.”

“கேட்கட்டும். இதுல பொய் எங்க இருக்குன்னு காட்டச் சொல்லு.”

பிறகு, வேறு பேச்சு போல, ஐஸ் அறையில் கூலிக்கு நிற்கும் அவள் புருஷன் ரெஜ்ஜுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டதா என்று விசாரித்தார்.

மீன்வால் நறுக்குகிற கை. ‘பை டெஸ்மண்ட்’டை ஒரே இழுப்பில் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

க்ளைவுக்குச் சல்லிக்காசு வரவில்லை. அவன் மனைவி ஐவி சந்தையில் எதிர்ப்பட்டாள். திட்டவில்லை.

“நீ பக்கத்துலதானே நின்னே?” என்றாள்.

நார்மா குனிந்து உருளைக்கிழங்கு பொறுக்கினாள்.

கொஞ்ச காலம் மூடி இருந்தது. வெள்ளிக்கிழமை வேலை சாயங்காலம் வரை இழுத்தது, ஆட்கள் முணுமுணுத்தார்கள். க்ளைவ் நின்ற இடத்தில் ரெஜ்ஜை நிரந்தரமாக்கியிருந்தார்கள்.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை டெஸ்மண்ட் வந்தார். இந்த முறை அவர் கழற்றவில்லை. ஸ்பேனரை நார்மாவின் மேசையோரம் வைத்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பி நின்று சிகரெட் பற்றவைத்தார். வரிசையில் இருந்தவர்கள் அவரவர் மீனையே பார்த்தார்கள்.

ரெஜ் கையுறையை மாட்டிக்கொண்டு அவள் பக்கம் திரும்பினான்.

“எடு நார்மா. நேரமாகுது.”

அவள் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்பேனரை எடுத்தாள்.