கஹாவாவின் முதுகு

இரண்டு காதுகளுக்கு நடுவில் மலை வந்துகொண்டிருக்கிறது, பழுப்புக் காதுகள், நுனியில் சிறிது கறுப்பு, அவற்றின் நடுவே பனி மூடிய உச்சி, எனக்கு இப்படித்தான் நினைவிருக்கிறது, ஆனால் அந்தக் குதிரைப் பயணத்தின் நான்கு நாளும் உச்சி மேகத்துக்குள்ளேதான் இருந்தது என்று கோமதிநாயகம் அடித்துச் சொல்கிறான், அவன் சொல்வதுதான் சரியாக இருக்கும், என் மனைவியின் தம்பி அவன், கிளிமஞ்சாரோ அடிவாரத்துக் காப்பித் தோட்டமொன்றில் ஆறு வருடம் வேலை பார்த்தவன், ஒருவேளை பார்க்காத உச்சியை நானே அங்கே கொண்டுபோய் வைத்தேனோ என்னவோ, எது கலங்கினாலும் அந்தக் குதிரையின் முதுகு மட்டும் கலங்கவில்லை, அதில் என் பொய் இருந்தது.

பொய் தொலைபேசியில் தொடங்கியது, கோமதி என்னையும் சேர்த்து இடம் பதிவு செய்துகொண்டிருந்தான், அத்தான், ஒங்க எடை எவ்வளவு, தொண்ணூறுக்கு மேல இருந்தா குதிரைல ஏத்த மாட்டாவளாம், சட்டி பானையோட ஜீப்புலதான் வரணுமாம் என்றான், நான் வழக்கம்போல வெகுநேரம் பேசாமல் இருந்தேன், அத்தான், லைன்ல இருக்கியளா என்றான், எண்பத்தெட்டு என்றேன், ஐம்பது வயதுக்கு மேல் கோயம்புத்தூரில் ஆறு மாதம் குதிரையேற்றம் பழகியவன் சட்டி பானையோடு எப்படிப் போவது, கிளம்புவதற்குள் பத்து கிலோ குறைந்துவிடும், அப்போது அது பொய்யாக இருக்காது என்று நினைத்தேன், படிவம் வந்ததும் என் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன், பிறகு உடம்பும் குறையவில்லை, எழுதிய எண்ணையும் மாற்றவில்லை.

குதிரையின் பெயர் கஹாவா, ஸ்வாஹிலி மொழியில் காப்பி, நிறமும் அதுதான், எண்பத்தெட்டைத் தாங்கும் குதிரை என்று ஐரினி எனக்கு ஒதுக்கியிருந்தாள், பயணத்தை நடத்துபவள் அவள், தாத்தா காலத்தில் கிரேக்கத்திலிருந்து வந்து அந்த மண்ணிலேயே தங்கிவிட்ட குடும்பம், குதிரைகளைப் பார்த்துக்கொண்டவர் ஒம்பேனி, நாற்பது வயதிருக்கும், அவளிடம் பதினோரு வருடமாக இருக்கிறார், முதல் நாள் சமவெளியில் வரிக்குதிரைகள் எங்களைக் குதிரைகளாக மட்டுமே பார்க்கின்றன, மேலே மனிதர்கள் உட்கார்ந்திருப்பதே அவற்றுக்குத் தெரிவதில்லை, அவ்வளவு அருகில் நின்று மேய்கின்றன, நான் யாருமில்லாதவனாக அவற்றின் நடுவே போகிறேன், வாழ்நாளெல்லாம் புத்தகத்துக்குள் தேடிய மௌனம் அது, மாலையில் கூடாரம் போட்டதும் ஒம்பேனி சேணத்தை இறக்கி, அதன் அடியிலிருந்த கம்பளி விரிப்பைத் திருப்பிப் பார்க்கிறார், வியர்வை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நனைத்திருக்க வேண்டுமாம், எங்காவது காய்ந்திருந்தால் அங்கே பாரம் அழுத்துகிறது என்று பொருளாம், கஹாவாவின் விரிப்பில் உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு காய்ந்த இடங்கள், ஒம்பேனி அவற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்துவிட்டு விரிப்பை உதறி மடித்தார்.

மறுநாள் பாதை மேட்டில் ஏறியது, சூரியகாந்தி வயல்கள், பிறகு மக்காச்சோளம், பிறகு வாழையும் காப்பியும் ஒன்றுக்குள் ஒன்று வளர்ந்த தோட்டங்கள், ஓடைகளில் இறங்கி ஏறும்போதெல்லாம் எனக்குக் கீழே கஹாவா மூச்சு வாங்குவது தொடைகளில் தெரிந்தது, கோமதி பின்னாலிருந்து, என்ன அத்தான், குதிரையும் ஒங்கள மாதிரி பெருமூச்சு விடுது, என்ன புஸ்தகம் படிச்சுக் காமிச்சிய என்றான், நான் சிரித்தேன், சாயங்காலம் ஒரு பண்ணையில் இறங்கியபோது ஐரினியே வந்து குதிரைகளின் முதுகுகளை விரல்களால் அழுத்திக்கொண்டு போனாள், கஹாவாவிடம் வந்ததும் அது முதுகைக் கீழே வளைத்து விலகியது, முன்முதுகில் கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு வீக்கம், அவள் ஒம்பேனியைக் கூப்பிட்டுத் தணிந்த குரலில் பேசினாள், அவர் ஒரு வாக்கியம் மட்டும் சொன்னார், பிறகு கேட்டுக்கொண்டு நின்றார், விரிப்பை மடிப்பு விழ விரிச்சுட்டாராம் அத்தான், அதான் புண்ணாப் போச்சுன்னு சொல்லுதா, விரிப்பு சரியாத்தான் இருந்துச்சுங்காரு, அவ கேக்கல, நாளைக்குக் காலைல லாரில வீட்டுக்குப் போயிரு, வேற ஆளு பாத்துக்கிடுதேன்னுட்டா என்று கோமதி காதோரம் சொன்னான், நான் அப்போதும் பேசவில்லை, பேசாமலிருப்பதை ஒரு குணமாக வளர்த்தவன் நான், அன்று அது என்னை நன்றாக மறைத்தது, இரவு தூங்கினேனா என்று நினைவில்லை.

காலையில் லாரிக்குப் பக்கத்தில் ஒம்பேனி நிற்கிறார், கையில் ஒரு துணிமூட்டை, காலில் குதிரைக்காரர்களின் பூட்ஸ் இல்லை, சாதாரணச் செருப்பு, அந்தச் செருப்பைப் பார்த்ததும் என் கால்கள் தாமாக நடந்தன, அவரை நோக்கி அல்ல, பண்ணை முற்றத்தில் காப்பிப் பழத்தை எடை போடும் மேடைத் தராசை நோக்கி, வாளிகளோடு பெண்கள் வரிசையில் நின்றார்கள், நான் அவர்களைக் கடந்து போய்த் தராசில் ஏறி நின்றேன், ஐரினி, கொஞ்சம் இங்கே வாருங்கள் என்றேன், என் குரல் எனக்கே புதிதாக இருந்தது, முள் வேகமாக ஓடி, ஆடி, தொண்ணூற்றெட்டில் நின்றது, வரிசையில் ஒரு பெண் ஏதோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள், ஒன்றரை மூட்டை தேறுமாம் அத்தான், ஆனா இன்னும் காய வைக்கணுங்காவ என்று கோமதி சொன்னான், சொல்லிவிட்டுத்தான் முள்ளைப் பார்த்தான், அடப்பாவி அத்தான் என்றான், சிரிப்பு அவன் முகத்திலிருந்து இறங்கிப் போனது.

எண்பத்தெட்டு என்று எழுதியிருந்தீர்கள் என்றாள் ஐரினி, நான்தான் எழுதினேன், விரிப்பில் மடிப்பு இல்லை, என் பாரம்தான் என்றேன், அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், முள்ளை மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டு லாரிக்கு நடந்தாள், எல்லோர் முன்னிலையிலும் ஒம்பேனியிடம், போலே என்றாள், வருந்துகிறேன் என்பதற்கு அங்கே அதுதான் சொல், அவர் தலையசைத்தார், மூட்டையை அவிழ்த்து பூட்ஸை எடுத்து, ஒவ்வொன்றாகக் கவிழ்த்துத் தட்டி, மாட்டிக்கொண்டார்.

எனக்கு முதல் நாளே தெரியும், நீங்கள் ஏறும்போது கஹாவா ஒரு காலைப் பின்னால் வாங்கியது, எண்பத்தெட்டுக்கு அது அப்படிச் செய்யாது என்றார் ஒம்பேனி பிறகு, பாதி ஆங்கிலத்திலும் பாதி கோமதி வழியாகவும், ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன், விருந்தாளி கையெழுத்துப் போட்ட காகிதத்தை நான் எப்படிப் பொய் என்பேன், நீங்கள் சொன்னால்தான் உண்டு என்றார், நான் சொல்லாமல் போயிருந்தால் என்றேன், வீட்டில் வாழைக்குக் களை எடுத்திருப்பேன், வாழை நல்லது, உதைக்காது என்றார், அதைச் சொல்லும்போது அவர் கை கஹாவாவின் கழுத்தை விட்டு எடுபடவில்லை.

மிச்சப் பயணத்துக்கு நீங்கள் ஜீப்பில் என்றாள் ஐரினி, நடக்கலாமா என்று கேட்டேன், கஹாவாவின் வேகத்துக்கு நடக்க முடிந்தால் நடங்கள் என்றாள், அந்த இரண்டு நாளும் சேணம் இல்லாத கஹாவாவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையின் கடைசியில் நடந்தேன், அவரைக்காய் வயல்களுக்கு நடுவே, காப்பிச் செடிகளின் நிழலில், குதிகால் இரண்டும் கொப்பளித்துவிட்டன, முன்னால் குதிரைமேல் போகிறவர்கள் உயரமாகத் தெரிகிறார்கள், எனக்குப் பொறாமை இல்லை, பக்கத்தில் கஹாவா, மேலே யாருமில்லாமல், வால் வீசி, வரப்பில் நின்ற மக்காச்சோள இலையை என்னைக் கேட்காமல் கடித்து இழுத்துக்கொண்டு நடக்கிறது, நானும் நடக்கிறேன், மூச்சு வாங்குகிறது, என்னுடையது மட்டும், இவ்வளவு லேசாக நான் எங்கேயும் நடந்ததில்லை, கோமதி சேணத்தில் திரும்பி உட்கார்ந்து, அத்தான், இப்ப எத்தன கிலோ என்று கேட்கிறான், வாளிக்காரிகளிடம் கேள் என்கிறேன், அவன் சிரிக்கிறான், முந்தின நாள் காலையிலிருந்து அப்போதுதான் சிரிக்கிறான்.

ஐரினி இப்போதும் பயணங்களை நடத்துகிறாள், வருகிறவர்கள் எல்லோரையும் முதல் நாளே தராசில் ஏற்றுகிறாள் என்று கேள்வி. கோமதிநாயகம் சங்கரன்கோவிலுக்கே திரும்பிவிட்டான், கல்யாண வீடுகளில் இந்தக் கதையைச் சொல்கிறான், அவன் சொல்லும்போது நான் நூற்றுப் பத்து. நான் அதன் பிறகு குதிரை ஏறவில்லை. ஒம்பேனி அவளிடமே இருக்கிறார், தலைமைக் குதிரைக்காரராக. கஹாவா ஆறு வாரம் மேய்ச்சலில் ஓய்வாக இருந்து மறுபடி சேணம் ஏற்றது, முன்முதுகில் வீக்கம் இருந்த இடத்தில் மட்டும் வெள்ளை மயிர் முளைத்திருக்கிறது, அழுத்தினால் வலிப்பதில்லை என்று ஒம்பேனி எழுதியிருந்தார்.