ஒரகடத்தில் பனிமலை ஏறியது

இமயம், ஆல்ப்ஸ் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக ஒரகடமும் மலையேற்ற வரலாற்றில் இடம்பிடித்துவிட்டது என்பதை மனிதகுலம் எழுந்து நின்று குறித்துக்கொள்ளட்டும். 2014 டிசம்பரில், மழை நசநசத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, காருக்கு வைப்பர் செய்யும் கம்பெனி ஒன்றின் ட்ரெய்னிகள் பனிமலை ஏறினார்கள். மலை, ஹைவே ஓரத் தகரக் கொட்டகைக்குள் இருந்தது. முன்பு அது மீன் வைக்கும் குளிர்கிடங்கு. முதலாளி நொடித்துப்போனதும் வேறொருவர் வாங்கி, உள்ளே இரண்டு மாடி உயரத்துக்கு ஐஸ் சுவர் எழுப்பி, வாசலில் பிளாஸ்டிக் பெங்குவினை நிறுத்திவிட்டார். மீன் வாடை மட்டும் காலி பண்ண மறுத்துவிட்டது.

இந்த வீரப்பயணத்தை அறிவித்தவர் மனிதவள அதிகாரி மணிகண்டபிரபு. "டியர் டீம், உச்சியைத் தொடுகிறவன்தான் நாளைய லீடர்!" என்று கேன்டீனில் முழங்கினார். மற்றவர்கள் கொட்டாவி விட்டார்கள். ட்ரெய்னி இசக்கி மட்டும் கொட்டாவியைப் பாதியில் விழுங்கினான்.

ட்ரெய்னிங் அந்த மாதத்தோடு முடிகிறது. பெர்மனன்ட் ஆக்குவார்களா, ஊருக்கு பஸ் ஏற்றுவார்களா, தெரியாது. எதை வைத்து ஆள் எடுக்கிறோம் என்று கம்பெனி ஒருநாளும் சொன்னதில்லை. ஆகவே பையன்களே கண்டுபிடித்துக்கொண்டார்கள். முந்தின வருஷம் ரத்ததானம் செய்த ஒருத்தன் பெர்மனன்ட் ஆனான். இந்த வருஷம் முகாமில் ஊசிக்குத் தள்ளுமுள்ளு. ஆயுதபூஜையில் பூசணிக்காய் உடைத்த இன்னொருத்தனும் ஆனான். இப்போது பூசணிக்காய்க்கு சிபாரிசு பிடிக்கவேண்டும்.

"இதுவும் டெஸ்ட்டுதாம்ல. லைனுக்கு ஒரு ஆளத்தான் எடுக்காங்களாம்" என்றான் இசக்கி.

அவர்கள் லைனில் ட்ரெய்னிகள் இருவர்தான்: அவனும் பேச்சிராஜும். ஒரே ஊர், குன்றத்தூரில் ஒரே ரூம், ஒரே பாய்.

"அப்ப நமக்குள்ளயே போட்டியால? வெளங்கிரும்" என்று பேச்சி சிரித்தான்.

இசக்கி சிரிக்கவில்லை. ஊரில் தங்கச்சியைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், மகனுக்கு வேலை பெர்மனன்ட் என்று அப்பா ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

கொட்டகைக்குள் ஆளுக்கொரு கோட்டு கொடுத்தார்கள். முந்தின நாள் ஏறியவர்களின் வியர்வையும் இலவசம். பூட்ஸுக்கு அடியில் இரும்புப் பல், கையில் சின்னக் கோடாரி, இடுப்பில் கயிறு. குவாலிட்டியில் இருக்கும் மாரி, மணிமங்கலத்துக்காரன், வாயிலிருந்து வரும் புகையைப் பார்த்து, "பீடி பத்த வைக்காமலே பொக வருது நைனா, தம் பிரேக் மிச்சம், கம்பெனிக்கு லாபம்" என்றான்.

இசக்கியும் பேச்சியும் பக்கத்துப் பக்கத்துக் கயிற்றில் ஏறினார்கள். பேச்சி பனைமரம் ஏறிய குடும்பம், சரசரவென்று முந்தினான். முக்கால் உயரத்தில் அவன் காலின் இரும்புப் பல் ஐஸ் வெடிப்புக்குள் மாட்டிக்கொண்டது. அதை எடுக்கக் குனிந்ததில் கையுறை நழுவிக் கீழே விழுந்தது. வெறுங்கை சுவரில் ஒட்டிக்கொண்டது.

"எலே இசக்கி, கை ஒட்டிக்கிட்டுல. ஒரு புடி குடு."

கை நீட்டும் தூரம்தான். இசக்கி கீழே பார்த்தான். சாம்பல் கோட்டு போட்ட ஆள் ஒருவர் அண்ணாந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். மணிகண்டபிரபு! பார்க்கிறார்.

"இந்தா வாரேன்" என்று சொன்னான் இசக்கி. சொல்லிவிட்டு மேலே போனான்.

உச்சியில் தொங்கிய மணியை, காது கேட்காத சாமிக்கு அடிப்பதுபோல் அடித்தான். கீழே இறங்கி, மூச்சு வாங்க சாம்பல் கோட்டுக்கு ஒரு சல்யூட் வைத்தான்.

கோட்டுக்குள் இருந்தது கயிறு பிடிக்கும் ஆள்.

"மணிகண்டபிரபு சாரா? உள்ள வரவே இல்ல. குளிர் ஒத்துக்காதாம். வெளிய குந்திகினு டீ சாப்டுகினு கீறாரு" என்றான் மாரி.

பேச்சியை வெந்நீர் ஊற்றி இறக்கினார்கள். உள்ளங்கைத் தோல் கொஞ்சம் சுவரிலேயே தங்கிவிட்டது. மணிகண்டபிரபு எட்டிப் பார்த்து, "டீம் ஸ்பிரிட் சூப்பர்" என்று, எல்லோரையும் பெங்குவின் பக்கத்தில் நிற்கவைத்துப் படம் எடுத்தார்.

திரும்பும் பஸ்ஸில் பேச்சி, மாரி பக்கத்தில் உட்கார்ந்தான். செம்பரம்பாக்கம் தாண்டும்போது இசக்கி எழுந்து வந்து, "வலிக்கால?" என்றான்.

"இல்லண்ணே" என்றான் பேச்சி. இருவருக்கும் ஒரே வயசு.

மறுநாள் காலை ஷிப்டுக்குப் போனபோது, கேட்டில் தேய்க்கும் அடையாளக் கார்டு இசக்கி, பேச்சி இருவருக்குமே வேலை செய்யவில்லை.