ஆறு மீட்டருக்கு அப்பால்

அரையிறுதி ஆட்டம் முடிந்த மறுநாள் காலையில், விளையாட்டுப் படக்காரரின் கண்ணுக்கு ஆறு மீட்டருக்குள் இருக்கும் எதுவும் தெரியாமல் போனது. அதே வாரம் தக்காளி விலையும் ஏறியதால் தெருவில் இதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. கையில் இருந்த டீ கோப்பை அவருக்கு வெறும் புகை. ஆனால் எதிர்வீட்டு மாடிக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த சட்டையில் எந்தப் பொத்தான் உடைந்திருக்கிறது என்பது வரை தெரிந்தது. முதலில் வலது கண் போனது, அதுதான் கேமராவில் வைக்கும் கண். மதியத்துக்குள் இடது கண்ணும் அண்ணன் காட்டிய வழியில் போய்விட்டது. கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார், சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார், கடைசியில் தாழ்வாரத்தின் மறுகோடியில் போய் நின்றுகொண்டு, "கண்ணுல ஒரு குறையும் இல்லைங்க, நீங்கதான் எல்லாத்தையும் விட்டுத் தள்ளி இருக்கணும்" என்று சத்தம் போட்டுச் சொன்னார். எழுதிக் கொடுத்த கண்ணாடியும் உதவவில்லை. மூக்கில் மாட்டியதும் அதுவும் புகைக்குள் போய்விட்டது.

மைதானத்தில் அவரோடு வரிசையாக உட்காரும் மற்ற படக்காரர்களுக்குக் காரணம் உடனே புரிந்தது. ஆட்டம் எடுக்கும் பெரிய லென்ஸ் கைக்குழந்தை கனம் இருக்கும், மோனோபாட் என்கிற ஒற்றைக் குச்சியில் நிறுத்தாமல் தாங்க முடியாது. அதன் விலாவில் நகத்தளவு ஒரு விசை உண்டு. ஒரு பக்கம் தள்ளினால் கிட்டத்தில் இருப்பது, தூரத்தில் இருப்பது எல்லாவற்றையும் லென்ஸ் தேடும். மறுபக்கம் தள்ளினால் ஆறு மீட்டருக்குள் இருப்பதை ஏறெடுத்தும் பார்க்காது. குறுக்கே நடுவர் ஓடினாலும் பக்கத்து ஆள் தலையை நீட்டினாலும் ஏமாறாமல், கோல் கம்பத்தடியில் இருக்கிறவனையே பிடித்துக்கொண்டிருக்கும். எல்லோரும் ஆட்டம் தொடங்கும்போது அந்தப் பக்கம் தள்ளுவார்கள், மூட்டை கட்டும்போது திருப்பி வைப்பார்கள். இவர் ஒருநாளும் திருப்பி வைத்ததில்லை.

அப்படித் திருப்பி வைக்காததன் பலன் அவர் வீட்டு முன்னறைச் சுவரில் சட்டம் போட்டுத் தொங்கியது. மகளுக்குப் பிறகு வெகுநாள் கழித்து ஒரு பையன் பிறந்திருந்தான். ஃபோனில் கேமரா வராத காலம் அது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று மனைவி, "ஊரான் பிள்ளைய எல்லாம் ஓடி ஓடி எடுக்கிறீங்க, நம்ம பிள்ளைய ஒண்ணு எடுத்துக் குடுங்க" என்று கேட்டாள். அவர் அப்போதுதான் ஓர் ஆட்டத்திலிருந்து வந்திருந்தார், மாலையில் அடுத்த ஊருக்குக் கிளம்ப வேண்டும். கேமராவில் மாட்டியிருந்த பெரிய லென்ஸைக் கழற்றவும் சோம்பல். கட்டில் கால்மாட்டில் நின்று அப்படியே குறி வைத்தார். லென்ஸ் கிர் கிர் என்று முன்னும் பின்னும் அலைந்து, பிள்ளை கிடைக்காமல் களைத்து நின்றுவிட்டது. விசை ஞாபகம் வரவில்லை. இருந்தாலும் பத்துப் படம் அடித்தார். பத்தும் தண்ணீரில் பால் கொட்டியது போல வந்திருந்தன. "அப்புறம் நல்லா எடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு ஒரு மாதப் போட்டிக்குப் போனார். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது காலிறுதியில், பிள்ளை போனது இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள். கோப்பைக்கு முத்தமிடும் தலைவனைப் படம் எடுத்து அனுப்பிவிட்டு அவர் வந்து சேர்ந்தபோது புதைத்தாகிவிட்டது. ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள், இவர் விஷயத்தில் அது பலிக்கவில்லை. மனைவி திட்டவில்லை, அழுததையும் அவருக்குக் காட்டவில்லை. பத்தில் ஒன்றை எடுத்துச் சட்டம் போட்டு மாட்டினாள். விருந்தாளிகள் அதை மேகம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

கண் போன பிறகு அவர் தொழில் இன்னும் ஓகோ என்று நடந்தது. மைதானத்தின் மறுகோடியில் ஓடுகிறவன் நெற்றியில் வியர்வை எப்போது சொட்டும் என்று வெறுங்கண்ணால் தெரிந்தது. பரிசுகள் வந்து குவிந்தன, அவற்றை அவரால் பார்க்க முடியவில்லை. வீட்டில் ஆறு மீட்டர் நீளம் உள்ள இடம் வாசலிலிருந்து கொல்லைக் கதவு வரை ஒன்றுதான். முக்கியமான பேச்சு எல்லாம் அந்தக் கோட்டில் நடந்தது. "இங்க பாரு" என்றுதான் அவர் மனைவியை எப்போதும் கூப்பிடுவார். "முதல்ல நீங்க பாருங்க" என்று அவள் கொல்லைக் கதவருகே போய் நிற்பாள். அவள் தலை நரைத்திருந்ததை அவர் முதன்முதலில் கவனித்தது அங்கேதான். பக்கத்தில் படுத்திருந்த வருஷங்களில் அவர் அதைப் பார்த்ததில்லை. அப்போது கண் நன்றாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிறகு மனைவி நோயில் விழுந்தாள். வயிற்றில் கட்டி வந்தது, டாக்டர்கள் திறந்து பார்த்துவிட்டு மூடித் தைத்து அனுப்பினார்கள். வீட்டில் கிடந்த மாதங்களில் அவளுக்கு வலியைவிடப் பெரிய தொல்லை ஒன்று வந்தது. பிள்ளையின் முகம் மறந்துகொண்டே வந்தது. "கண்ணு ஞாபகம் இருக்கு, மூக்கு எப்படி இருந்துச்சுன்னு வரமாட்டேங்குது, உனக்கு ஞாபகம் இருக்கா?" என்று மகளைக் கேட்பாள். தம்பி இருந்தபோது மகளுக்கு எட்டு வயது, தொட்டில் கயிறுதான் ஞாபகம் இருந்தது. அதற்குப் பிறகு மனைவி சுவரில் இருந்த மேகத்தையே நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். படக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்திருந்தார். அவருக்குக் கையும் புகை, ஆளும் புகை. ஒருமுறை பிள்ளை யார் சாடை என்று அவரையும் கேட்டாள். அவர் பிள்ளையைச் சரியாகப் பார்த்ததே இல்லை.

கடைசி நாளில் அவள் கையை உருவிக்கொண்டாள். "பக்கத்துல வேணாங்க. எதிர்வீட்டு மாடியில போய் நில்லுங்க. போறப்பவாவது என்னை ஒழுங்கா பாருங்க" என்றாள். அவர் போனார். மகள் கட்டிலை இழுத்துத் திருப்பி ஜன்னலை முழுக்கத் திறந்து வைத்தாள். கன்னம் ஒட்டிப்போனது, மணிக்கட்டில் எந்தக் காலத்திலோ பட்ட தீத்தழும்பு, உதட்டு வெடிப்பு, எல்லாவற்றையும் அவர் துல்லியமாகப் பார்த்தார். உதடு அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. எந்த நொடியில் எது நடக்கும் என்று வாழ்நாளெல்லாம் காத்திருந்து பழகியவர், அந்த நொடியையும் தவறவிடவில்லை. ஆனால் கையில் ஒன்றும் இல்லை. மைதானத்தில் கத்தாதவர் அந்த மாடியில் நின்று கத்தி அழுதார்.

மனைவி போன மூன்றாவது வாரம், தெருமுனைக் குழாயடியில் அவள் நிற்பதை அவர் ஜன்னலிலிருந்து பார்த்தார். இடுப்பில் பிள்ளை இருந்தது. இறங்கி ஓடினார், ஆறு மீட்டருக்குள் போனதும் இருவரும் புகையானார்கள். பின்வாங்கினார், தெளிந்தார்கள். குழாயடியில் குடம் வைத்திருந்தவர்களுக்கு எதுவும் தெரியவில்லை, இவர் முன்னும் பின்னும் நடப்பதைப் பார்த்து இடம் விட்டு ஒதுங்கினார்கள். வீட்டுக்கு வந்து பெரிய லென்ஸை மாட்டி மோனோபாடை ஜன்னலோரம் ஊன்றினார். விசையை விரலால் தடவிப் பார்த்தார், வழக்கமான பக்கத்தில்தான் இருந்தது. லென்ஸ் ஒருமுறைகூட அலையவில்லை. பிள்ளை திரும்பும் வரை காத்திருந்து ஒரே ஒரு படம் எடுத்தார்.

மறுநாள் முதல் குழாயடியில் அவர்கள் இல்லை. படம் வந்தபோது மகள் அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு, "மூக்கு அப்படியே அம்மாவோடதுப்பா" என்றாள். பால்காரரும் தையற்காரரும் வந்து பார்த்து, ஆமாம் என்றார்கள். வீட்டுச் சுவரில் மாட்டினால் படக்காரருக்குத் தெரியாது என்பதால் எதிர்வீட்டுக்காரரிடம் கேட்டார்கள். அவர் தன் வீட்டு முன்சுவரில் தானே ஆணி அடித்து, மழை படாமல் மேலே ஒரு தகரமும் வைத்துக் கொடுத்தார். தினமும் காலையில் மகள் வேலைக்குக் கிளம்பியதும் தெருவைக் கடந்து போய், அந்தப் படத்துக்குப் பக்கத்தில் அப்பாவின் ஜன்னலைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போகிறாள்.