ஈரக்கை

சூர்யபிரகாஷ் எழுதிய புரோகிராமைத் திறந்ததுமே ஜெஸி தலையில் கை வைத்துக்கொண்டாள். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில், ஊறப்போட்டுச் சுழற்றும் டிரம்மிலிருந்து இறங்கும் ஒவ்வொரு தோலுக்கும் செல்போனில் ஒரு பொத்தானை அமுக்கி எண்ணிக்கொள்வதற்கான புரோகிராம் அது. வேலை செய்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் ஒரே வரிகளை இடத்துக்கு இடம் நகலெடுத்து ஒட்டி, பெயர்களெல்லாம் எக்ஸ், எக்ஸ் ஒன்று, எக்ஸ் இரண்டு. எழுதிய மகராசனுக்கே விளங்காது.

வேலூர் ஆபீசில் அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே அந்த மகராசன்தான். சூர்யபிரகாஷ் அண்ணனுக்கு உதவியாக இருக்கட்டுமே என்றுதான் ஜாவாவில் புதிதாக எழுத உட்கார்ந்தாள். ஒரு வேலைக்கு ஒரே இடம், படித்தாலே புரிகிற பெயர்கள். எதற்கென்றே தெரியாத வரிகளைத் தூக்கி எறிந்தாள். கால்வாசியாகச் சுருங்கிவிட்டது.

அதைப் பார்த்த முதலாளி ஐசக், "இம்மாந்துண்டு வேலைக்கா அவனுக்கு இத்தினி நாளு? ஆம்பூர்ல காட்டி முடிச்சதும் அவன அனுப்பிடலாம். நீயே பாத்துக்க" என்றார். உதவப் போய் இப்படியா? சூர்யபிரகாஷுக்குக் குழந்தை பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

ஆம்பூரில் அந்த ஷாப்பின் சூப்பர்வைசர் அப்துல் சமத் போனை ஒரு பாலித்தீன் கவரில் போட்டுக்கொண்டு, தோல் இறங்க இறங்க அமுக்கினார். இறங்கியது இருபது. போன் முப்பத்தொன்று என்றது.

"இன்னாம்மா, தோலு குட்டி போடுதா?" என்று சிரித்தார். ஐசக் சிரிக்கவில்லை. ஆபீசில் எத்தனையோ தடவை சோதித்தபோது ஒருமுறைகூடத் தப்பாத கணக்கு!

தன் வேலை போகப்போவது கூட வந்திருந்த சூர்யபிரகாஷுக்குத் தெரியும். காரில் வரும்போதே ஐசக் சொல்லியிருந்தார். வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் அவனை யார் கேட்டிருப்பார்கள்? அவன் மெல்ல அவள் பக்கத்தில் வந்தான்.

"பாய் கையப் பாரும்மா. கிளவுஸ் பூரா ஈரம், வழுக்குது. ஒரு தபா அமுக்குனா ரெண்டு தபா விழும். உடனே விழுற ரெண்டாவத எண்ணாம விடத்தான் அந்த வரிங்கள போட்டிருந்தேன். எதுக்குன்னு எழுதி வெக்கல."

"நான் அத குப்பைன்னு தூக்கிட்டேண்ணா."

அங்கேயே லேப்டாப்பைத் திறந்தாள். பழையதாக இருந்தால் புரோகிராம் முழுக்கத் தேடித் தேடித் திருத்த வேண்டும். இதில் ஒரே இடம். டீ வருவதற்குள் வேலை முடிந்தது. அப்துல் சமத் மறுபடி அமுக்கினார். இருபது தோலுக்கு இருபது.

"கெட்டிக்காரி" என்றார் ஐசக்.

"எழுதுனதுதான் சார் நான். இங்க எப்படி வேல நடக்குதுன்னு அண்ணனுக்குத்தான் தெரிஞ்சிருந்தது. அவர அனுப்பிட்டா அடுத்த ஷாப்புல நான் இன்னா பண்ணுவேன்?" இப்படிப் பேசினால் தன் வேலையும் போகலாம் என்று அவளுக்குத் தெரியும்.

ஐசக் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, டீய குடிங்க. அடுத்த ஷாப்புக்கும் ரெண்டு பேரும் சேந்தே போங்க."

சூர்யபிரகாஷ் டீயை எடுக்கவில்லை. அந்த வரிகளுக்கு ஜெஸி வைத்திருந்த பெயரைத் திரையில் படித்துக்கொண்டிருந்தான். ஆங்கில எழுத்தில், நம் பாஷையில்: ஈரக்கை.

"நான் எழுதுனது இப்பத்தாம்மா எனக்கே புரியுது" என்றான்.